தோல்விக்கு யார் கடன் கொடுப்பது?

சில மாதங்களுக்கு முன் எங்கள் தாராவிக் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பம். தோலில் பெல்ட், பணப்பை, கைப்பை செய்து விற்பது தொழில். இருபது ஆண்டுகளாக எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டியவர். அன்று அவர் கேட்டது புதுவிதமான கடன். தோலை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளையும் துகள்களையும் தாவரப் பிசின் கொண்டு இணைத்து, பை தைக்கத் தகுந்த புதிய தகடு ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு 8 லட்சம் ரூபாய் தேவை என்றார். முயற்சி பலிக்குமா என்று கேட்டோம். "அது தெரிந்திருந்தால் நான் ஏன் சார் சோதனை செய்து பார்க்கிறேன்?" என்றார்.

அந்தக் கடனை எங்களால் தர இயலவில்லை. அதே வாரத்தில் புதிய தையல் இயந்திரங்கள் வாங்குவதற்காக வேறொருவர் கேட்ட அதே அளவு தொகைக்கு மூன்று நாட்களில் ஒப்புதல் கிடைத்தது. இயந்திரத்துக்குப் பணம் தருகிற வங்கி, அந்த இயந்திரத்தில் என்ன புதிதாகச் செய்யலாம் என்று தேடுவதற்கு ஏன் தருவதில்லை என்று நம் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு அன்று முழுமையான விடை சொல்ல நேரமிருக்கவில்லை. அந்த விடையை விரிவாகச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை. விடையைத் தேடிச் சென்றால் அது தாராவியோடு நிற்பதில்லை. மாட்டுங்கா வழியாகச் செம்பூரைத் தாண்டிச் சென்று, நாட்டின் அறிவியல் எப்படி வளர்கிறது என்ற பெரிய கேள்வியில் போய் முடிகிறது.

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். வைப்பாளர்களிடம் வாங்கும் பணத்துக்கு வட்டி கொடுத்து, நிர்வாகச் செலவையும் கழித்தபின், கடனாகக் கொடுத்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் ஆண்டுக்கு 3 ரூபாய் மிஞ்சுகிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்க் கடனில் மிஞ்சுவது 30,000 ரூபாய். அப்படிப்பட்ட கடன் ஒன்று முழுவதும் வாராக்கடனாகிவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட அதே அளவுள்ள ஏறத்தாழ 33 கடன்கள் ஓராண்டு முழுவதும் ஒழுங்காக நடக்க வேண்டும். அந்த 10 லட்சமும் வங்கியின் பணமன்று. மாட்டுங்காவில் ஓய்வூதியத்தை வைப்பில் போட்டு வைத்திருக்கும் ஒரு பள்ளி ஆசிரியையின் பணமாக அது இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. நம் வாடிக்கையாளரின் புதிய தகடு உலகெங்கும் விலைபோய் அவர் கோடி கோடியாகச் சம்பாதித்தாலும் எங்களுக்கு வருவது ஒப்பந்தத்தில் எழுதிய வட்டி மட்டுமே. தோற்றால் முழு இழப்பு, வென்றால் வட்டி. இந்த நிலையில் உள்ள எவரும் தோல்வியை அஞ்சித்தான் ஆக வேண்டும்.

ஆராய்ச்சியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. பத்து முயற்சிகளில் ஒன்பது வீணாகலாம்; பத்தாவது ஒன்று அந்த ஒன்பதின் செலவையும் பன்மடங்காகத் திருப்பித் தரலாம். எந்த ஒன்று அது என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆராய்ச்சிக்கு வேண்டியது வேறு குணமுள்ள பணம். அது அரசின் நல்கையாக வரலாம். அறக்கட்டளையின் கொடையாக, தொழில் நிறுவனத்தின் ஒப்பந்தமாக, துணிகர முதலீடாகவும் வரலாம். இவை ஒவ்வொன்றும் தோல்வியை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. தோல்வியைப் பணம் எப்படி நடத்துகிறதோ, ஆய்வாளரும் அதற்கேற்ற கேள்விகளையே கையில் எடுக்கிறார். இதை விளக்க வெளிநாடு போக வேண்டியதில்லை; மும்பையிலேயே போதிய சான்றுகள் உள்ளன.

சயான் நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மாட்டுங்கா. காப்பிக் கடைகளும் பூக்கடைகளும் கோயில்களும் நிறைந்த அந்தப் பகுதியில்தான் இன்று வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்று அழைக்கப்படும் கல்விக்கூடம் இருக்கிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்பட்டு, 1943இல் மாட்டுங்காவுக்கு இடம் பெயர்ந்தது. பழைய மாணவர்கள் இன்றும் யு.டி.சி.டி. என்றே சொல்வார்கள். பம்பாயின் துணி ஆலைகளுக்குச் சாயமும் சலவையும் அறிந்த வேதியியலாளர்கள் தேவைப்பட்ட காலம் அது. 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் மான்செஸ்டரிலும் பயின்ற கே. வெங்கடராமன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கு இருந்தார். பிறகு 1957இல் புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதித் தொகுத்த பல தொகுதிகள் உலகெங்கும் அத்துறையின் ஆதார நூலாக விளங்கின.

மாட்டுங்காவின் தனித்தன்மை தொழிற்சாலையோடு அது வைத்துக்கொண்ட உறவு. நிறுவனங்கள் தங்கள் சிக்கல்களைக் கொண்டுவரும். பேராசிரியர்கள் ஆலோசனை சொல்வார்கள். பணமும் மாணவர்களுக்கு வேலையும் அதனோடு வரும். 1964இல் 27 வயதில் இங்குப் பேராசிரியரான எம்.எம். சர்மா, வாயுவும் திரவமும் கலந்து வினைபுரியும் விதத்தைப் பற்றிய அடிப்படை ஆய்வுக்காக 1990இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். ஆலைக்கு ஆலோசனை சொன்ன கையே அடிப்படை அறிவியலையும் எழுதியது. ஆகவே தொழில்துறைப் பணம் என்றாலே மேம்போக்கான ஆய்வு என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

ஆனால் அந்தப் பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நிறுவனம், தனக்கு ஏற்கெனவே தெரிந்த சிக்கலுக்குத்தான் விடை கேட்கும். தான் இன்னும் கேட்காத கேள்விக்கு அது காசோலை எழுதாது. சட்டமும் இதில் பங்கு கொள்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. அதனால் ஒரே மருந்தை வேறு வழியில், மலிவாகச் செய்வது எப்படி என்பதே நம் நிறுவனங்களின் ஆய்வாயிற்று. அதில் நாம் உலகில் முன்னணிக்கு வந்தோம். ஏழை எளியோருக்கு மருந்து எட்டியது. அது சிறிய சாதனையன்று. புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடிக்கும் துணிச்சலுக்கு மட்டும் அங்கே ஊதியம் இருக்கவில்லை. யு.டி.சி.டி.யில் பயின்ற கே. அஞ்சி ரெட்டி 1984இல் தொடங்கிய நிறுவனம், 1990களில் அந்தத் துணிச்சலில் இறங்கியது. 1997இல் சர்க்கரை நோய்க்கான மூலக்கூறு ஒன்றை டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அதன்பின் கொடுத்த இன்னொரு மூலக்கூறு, விலங்குகளில் கட்டி உண்டானதால் 2002இல் நிறுத்தப்பட்டது. இரண்டில் எதுவும் மருந்துக் கடையை எட்டவில்லை. வங்கிக் கடனை நம்பி இந்த வழியில் ஒருவர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறோம்.

மாட்டுங்காவிலிருந்து கிழக்கே சென்றால் செம்பூர். அதற்கும் அப்பால், அணுசக்தி நகரையும் கடந்து, கடற்கழியின் ஓரத்தில் டிராம்பே. அங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா, ஆசியாவின் முதல் ஆய்வு அணு உலைகளுள் ஒன்று. இங்குப் பணம் முழுவதும் அரசுடையது. ஆண்டுதோறும் நிறுவனத்துக்கு மொத்தமாக வருவது. ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே விண்ணப்பம் எழுதித் தம் சம்பளத்துக்கு வழி தேட வேண்டியதில்லை. இதன் பயனுக்கு அணு உலையைவிட நல்ல எடுத்துக்காட்டு நிலக்கடலை. விதையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அதனால் விளையும் மாறுதல்களில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, பருவத்துக்குப் பருவம் விதைத்து, பிற வகைகளோடு கலந்து, மீண்டும் தேர்ந்தெடுக்கும் வேலை அது. அப்படி உருவான டி.ஜி.-1 என்னும் டிராம்பே நிலக்கடலை 1973இல் வெளியிடப்பட்டது, டி.ஏ.ஜி.-24 வந்தது 1991இல். இடையில் எத்தனை பருவங்கள், எத்தனை பயனற்ற வரிசைகள்! மூன்றாண்டு நல்கையில், ஆண்டுக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை என்று இந்த வேலை நடந்திருக்குமானால், இரண்டாவது அறிக்கையிலேயே நின்றுபோயிருக்கும். அணுவைப் பிளக்கும் இடத்தில் கடலை விளைவது வேடிக்கையாகத் தோன்றும். காத்திருக்கத் தெரிந்த பணம் இருந்த இடம் அதுதான். கடலையும் அங்கே வளர்ந்தது.

மொத்தமாக வரும் பணத்திலும் குறை இல்லாமலில்லை. வேலை செய்பவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே அளவு பாதுகாப்பு என்றால், நாளடைவில் துணிச்சலுக்குப் பதில் சோம்பல் குடியேறலாம். இந்த அச்சம் நியாயமானதே.

மும்பை கண்ட மூன்றாவது வகைப் பணம் எங்களுக்கு மிகவும் வியப்பூட்டுவது. 1944 மார்ச் 12 அன்று ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கென ஓர் ஆய்வுப்பள்ளி வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவாற்றல் நடைமுறைக்கு வரும்போது நம் நாடு வல்லுநர்களுக்காக வெளிநாட்டை நாட வேண்டியிராது என்பது அதன் சாரம். அப்போது அணுகுண்டு வெடித்திருக்கவில்லை. நாடு விடுதலை பெற்றிருக்கவில்லை. கடன் விண்ணப்பமாக எங்கள் மேசைக்கு வந்திருந்தால், ஈடு எதுவுமில்லை, வருவாய்க் கணிப்பு ஊகம் என்று குறிப்பெழுதித் திருப்பியிருப்போம். அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. பம்பாய் அரசும் மைய அரசும் பங்களித்தன. 1945இல் பெங்களூரில் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்ப் பெட்டர் சாலையில் பாபாவின் குடும்பத்துக்குத் தொடர்புடைய கெனில்வர்த் என்ற வீட்டின் ஒரு பகுதியில் இயங்கத் தொடங்கிற்று.

பாபாவின் கொள்கை எளியது. முதலில் கட்டடமும் பதவியும் உண்டாக்கிவிட்டு அதற்கு ஆள் தேடக்கூடாது. தகுந்த ஆளைக் கண்டபின் அவரைச் சுற்றியே துறையைக் கட்ட வேண்டும். தாம் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, 1966 ஜனவரியில் பம்பாயில் ஆற்றிய உரையிலும் இதையே வலியுறுத்தினார். இதை அவர் செய்தும் காட்டினார். 1961இல் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய வானியலாளர்கள், தாயகம் திரும்பி வானொலி வானியல் குழு ஒன்றை அமைக்க விரும்புவதாக இந்திய நிறுவனங்களுக்கு எழுதினார்கள். விரைவாகவும் உறுதியாகவும் விடையளித்தவர் பாபா. அந்நால்வரில் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப் 1963இல் மும்பை வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியா நன்கொடையாகத் தந்த 32 சிறு கிண்ண வாங்கிகளை, 1965இல் மும்பைக்கு அருகிலுள்ள கல்யாணில் நிறுவிச் சூரியனைக் கவனித்தார்கள்.

அடுத்த படி உதகமண்டலத்துக்கருகே முத்தோரையில். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ள அவ்வூரில், அதே 11 பாகை சரிவுள்ள மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவில் வடக்குத் தெற்காக 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே ஓர் அச்சில் உருட்டினால் போதும். வானில் நகரும் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பணம் குறைந்த நாட்டின் புத்தி என்றே இதைச் சொல்ல வேண்டும். இப்படி ஒன்றை முன்பின் கட்டியிராத இளைஞர்கள், பெரும்பாலும் உள்நாட்டுப் பொருட்களைக் கொண்டு கட்டி முடித்தார்கள். 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது. சந்திரன் மறைக்கும்போது தொலைதூர வானொலி மூலங்களின் அளவைக் கணிப்பது அதன் முதற்பணி. அண்டம் பெருவெடிப்பில் தோன்றியதா, என்றும் மாறாமல் இருப்பதா என்ற விவாதத்தில் அந்த அளவீடுகள் பெருவெடிப்பின் பக்கம் சான்று சேர்த்தன. பின்னாளில் புணே மாவட்டத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 வாங்கிகளைக் கொண்ட பெரிய தொலைநோக்கியை அமைத்ததும் அதே குழுதான்.

இங்கே தரப்பட்ட பணம், திட்டத்தைப் பார்த்துத் தரப்பட்டதைவிட மனிதரைப் பார்த்துத் தரப்பட்டது. அதன் ஆபத்தும் வெளிப்படையானதே. புரவலருக்குத் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். பாபாவின் மேசைக்குக் கடிதம் எழுதத் தெரியாத திறமைசாலிகள் எத்தனை பேர் ஊர்ப்புறக் கல்லூரிகளில் இருந்தார்களோ! அணு ஆய்வைத் தனி நிறுவனங்களில் குவிப்பதைவிடப் பல்கலைக்கழகங்களை வலுப்படுத்த வேண்டும் என்று மேகநாத் சாகா அக்காலத்திலேயே வாதாடினார். அவர் சொன்னதில் நியாயமிருந்தது என்பதே எங்கள் கருத்து. நல்ல புரவலர் வாய்த்தால் இம்முறையைவிடச் சிறந்தது இல்லை. வாய்க்காவிட்டால் இதைவிட மோசமானதும் இல்லை.

அந்தக் குறையைப் போக்க வந்ததே வல்லுநர் குழு முறை. யாரும் விண்ணப்பிக்கலாம்; துறையறிந்தவர்கள் படித்து மதிப்பெண் இடுவார்கள்; கூடுதல் மதிப்பெண் பெற்றவற்றுக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு நல்கை. இன்று உலகெங்கும் பரவலாக உள்ள முறை இதுவே. நேர்மையானது, கணக்குக் காட்டக்கூடியது. ஆனாலும் இதைக் கூர்ந்து பார்த்தால் எங்கள் கடன் குழுவின் சாயல் தெரிகிறது. விண்ணப்பதாரரின் முந்தைய சாதனை என்ன? இத்தனை மாதத்தில் என்ன முடிவு வரும்? வராவிட்டால் மாற்று வழி என்ன? மூன்று நீதிபதிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு திட்டத்துக்கு 8, 8, 8 என்று கிடைத்தால் கூட்டுத்தொகை 24. இன்னொன்றுக்கு இருவர் 10 கொடுத்து, மூன்றாமவர் இது நடக்கவே நடக்காது என்று 2 கொடுத்தால் 22. நிதி முதல் திட்டத்துக்கே போகும். யாருக்கும் மறுப்பில்லாத யோசனை வெல்கிறது; அறிஞர்களையே இரண்டாகப் பிரித்த யோசனை தோற்கிறது. புதுமை பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவில் கட்டலின் கரிக்கோ தூது ஆர்.என்.ஏ. பற்றிய ஆய்வுக்கு நல்கை கேட்டுத் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டார். 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவியிறக்கமும் பெற்றார். அவர் விடாமல் செய்த ஆய்வின் மேல் எழுந்ததே கொரோனாத் தடுப்பூசி. 2023இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன். உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிவது அக்காலத்தில் நடக்குமா என்று பலரும் ஐயுற்ற வேலை. அமெரிக்காவில் இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்கையைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் முடிவு வராவிட்டால் ஆய்வகமே மூடப்படலாம். எனவே 1999இல், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்குள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் நீண்டகால நிதி தருகிறது. முடிவுக்காகக் காத்திருப்பது அங்கே வழக்கம். ரைபோசோமின் சிறு பகுதியின் வடிவம் 2000இல் வெளியாயிற்று. 2009இல் நோபெல் பரிசு வந்தது. ஊதியம் குறைந்து பொறுமை கூடிய இடத்தை ஒருவர் தாமே தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது எங்களைப் போன்ற வங்கிக்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய செய்தி.

இவை தனிமனிதர்களின் கதைகள்தானே என்று கேட்கலாம். பியர் அசூலே, ஜோஷுவா கிராஃப் சிவின், கஸ்டாவோ மான்சோ என்ற மூன்று பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் அப்போது மனிதரைத் தேர்ந்து ஐந்தாண்டுகளுக்குப் பணம் தந்தது. தொடக்கத் தோல்வியைப் பொறுத்துக்கொள்கிறது. பாதையை மாற்றிக்கொள்ள விடுகிறது. அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களோ திட்டத்தைப் பார்த்து, குறுகிய காலத்துக்குத் தருகின்றன. ஒத்த தகுதியுள்ள இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, முதல் தரப்பினர் பெரிய தாக்கம் உண்டாக்கிய கட்டுரைகளை மிகுதியாக எழுதியிருந்தனர். யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுரைகளையும் அவர்களே மிகுதியாக எழுதியிருந்தனர். இந்த இரண்டாவது முடிவுதான் எங்களுக்கு முதன்மையாகப் படுகிறது. தோல்வி குறையாமல்தான் வெற்றி கூடியிருக்கிறது.

தோல்வி என்று எதைச் சொல்வது என்பதுகூட எளிதன்று. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா நிறுவன ஆய்வாளர்கள் ஜப்பானியருடன் சேர்ந்து, 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று தேடினார்கள். சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். பிற நாட்டுச் சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்திலும் அதே தேடலுக்கென ஒரு கருவி கட்டப்பட்டது. அதுவும் புரோட்டான் சிதைவைக் காணவில்லை. ஆனால் 1987இல் ஒரு விண்மீன் வெடித்தபோது அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் அந்தக் கருவியில் சிக்கின. 2002இல் மசாதோஷி கோஷிபாவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. எதற்காகப் பணம் வாங்கினார்களோ அது நடக்கவில்லை. தணிக்கையாளர் பார்வையில் இரண்டுமே இலக்கை எட்டாத திட்டங்கள்.

வேறு சில நாடுகள் இன்னும் துணிந்திருக்கின்றன. நியூசிலாந்தின் நலவாழ்வு ஆய்வு மன்றம் 2013 முதல் ஒரு பிரிவு நல்கைகளுக்கு, தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பிரித்தெடுத்தபின் குலுக்கல் முறையில் தேர்வு செய்கிறது. சுவிட்சர்லாந்தும் ஒரே தரத்தில் நிற்கும் விண்ணப்பங்களுக்குச் சீட்டெடுக்கிறது. குலுக்கல் என்றதும் எங்களுக்குச் சற்று வியர்க்கத்தான் செய்கிறது. ஆனால் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என்று தகுதிகளை வகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். தகுதியை மனிதர் முடிவு செய்வது, அதற்கு மேல் உள்ள சார்பைச் சீட்டால் களைவது என்ற இதே தத்துவம்தான் அதிலும் உள்ளது.

இனி இன்றைய நம் நாட்டு நிலை. 2020-21இல் இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். இதை உயர்த்துவதற்காக 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. இதில் 14,000 கோடி மட்டுமே அரசின் நேரடிப் பங்கு, எஞ்சியதைத் தொழில்துறை முதலிய பிறரிடமிருந்து திரட்ட வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை இன்னொரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது: ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்காக 1 லட்சம் கோடி ரூபாய் நிதி. இது வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று; ஏனெனில் இது பெரும்பாலும் கடன். குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ, நீண்ட தவணையில் தனியார் துறைக்குத் தரப்படும். சில இடங்களில் பங்கு முதலீடாகவும் தரப்படும். மானியம் இதில் இல்லை.

தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை ஒன்பது படிகளாக அளப்பது வழக்கம். முதற்படி வெறும் கருத்து. நான்காம் படி ஆய்வகத்தில் நிரூபணமானது. ஒன்பதாம் படி களத்தில் இயங்குவது. புதிய நிதி நான்காம் படியிலும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கே. வங்கியாளராகப் பார்க்கும்போது இது சரியான ஏற்பாடு. அந்தப் படிக்கு மேல் கடன் என்ற கருவி வேலை செய்யும். ஆனால் டிராம்பேயின் கடலையும் முத்தோரையின் மலைச்சரிவும் தொடங்கியது முதல் மூன்று படிகளில். அந்தப் படிகளுக்கு வேண்டிய திருப்பிக் கேட்காத பணம் அதே வேகத்தில் வளராவிட்டால், சில ஆண்டுகளில் கடன் கொடுக்கப் பணம் இருக்கும், நான்காம் படியை எட்டிய யோசனை இருக்காது. மாட்டுங்காவிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் இணைந்து அமைத்த மையம், வேளாண் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் முறையை உருவாக்கியது; 2016இல் உத்தராகண்ட் மாநிலத்தின் காசிப்பூரில், நாளொன்றுக்கு 10 டன் கழிவைக் கையாளும் மாதிரி ஆலை ஒரு தனியார் நிறுவன வளாகத்தில் நிறுவப்பட்டது. நிச்சயமற்ற பகுதியை அரசின் பணம் சுமந்தது. தொழில்துறை அதன்பின் வந்தது.

நம் தாராவி வாடிக்கையாளருக்குத் திரும்புவோம். அவரிடம் நாங்கள் இரண்டு செய்திகளைச் சொன்னோம். தோல் தொடர்பான பரிசோதனைகளுக்கும் ஆலோசனைக்கும் சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தனி ஆய்வகம் வைக்க இயலாத சிறு தொழிலுக்குப் பொதுப்பணத்தில் அமைந்த ஆய்வகம் அது. மைய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில், தனிமனிதர் ஒருவர் தம் யோசனைக்கு மாதிரி வடிவம் செய்து பார்க்க 10 லட்சம் ரூபாய் வரை நல்கை பெறலாம். அதற்கென உள்ள மையங்களின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். தகடு உருவாகி, ஒருவராவது வாங்க முன்வந்து கொள்முதல் ஆணை கையில் இருந்தால், உற்பத்திக்கான கடனுக்கு எங்களிடம் வாருங்கள். ஈடில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் அரசுத் திட்டமும் உண்டு என்றோம்.

விண்ணப்பத்தின் மாதிரிப் படிவத்தை வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் தம் மைத்துனரிடம் 60,000 ரூபாய் வாங்கிப் பட்டறையின் ஒரு மூலையில் வேலையைத் தொடங்கியிருக்கிறார். எப்போது திருப்பித் தருவது என்று மைத்துனர் கேட்கவில்லையாம். முதல் இரண்டு தகடுகள் மடிக்கும்போது விரிசல் விட்டன. மூன்றாவது, மழைக்காலமாதலால், இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.